ஆறாவது வசனம்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு விறாந்தையில் பாயை விரித்து, ஆலையிலிருந்து கூலிக்குக் கொண்டுவந்த செத்தல் மிளகாயைச் சாக்கோடு கொட்டி, காம்பு கிள்ள யோகமலர் உட்கார்ந்ததும், மகள் தர்மிகா சிங்களக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு எதிரில் வந்து குந்தினாள். நாளைக்குப் பத்து வசனம் வேண்டுமாம். எதைப் பற்றி என்று யோகமலர் கேட்டாள். அப்பாவைப் பற்றி என்றாள் பிள்ளை, பேனை மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டு. பல்லால் கழற்றாதே என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு அது மறந்துபோனது. இந்தப் பள்ளிக்கூடத்தில் இப்படியொரு வீட்டுவேலையை எவராவது கொடுப்பார்களா, எட்டாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்பா என்பது சுவரில் மாட்டிய படம்தானே என்று நினைத்தாள், அந்தப் புத்தளத்துப் பிள்ளை றிஸ்வானா ரீச்சர் நல்ல பிள்ளையாயிற்றே, அவவுக்கு இது தெரியாமல் இருக்காதே என்றும் நினைத்தாள். ரீச்சர் அதையும் சொன்னவவாம். பாடப் புத்தகத்தில் இருக்கிற பாடம் இது, நான் விட்டுப் போகேலாது, எழுதக் கஷ்டமான ஆக்கள் மாமாவைப் பற்றியோ அண்ணாவைப் பற்றியோ எழுதலாம் என்று சொல்லி, ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிக்கொண்டவவாம். எட்டுப் பேர் மாமா என்றார்களாம். நீ என்ன சொன்னாய் என்று யோகமலர் கேட்கவில்லை. பிள்ளை தானாகவே சொன்னாள், நான் அப்பா எண்டுதான் சொன்னனான் என்று.

யோகமலருக்குச் சிங்களம் தெரியாது. இரண்டு வருசமாக அவள் மகளுக்குச் சிங்களம் சொல்லிக்கொடுக்கிறாள். கொப்பியில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் சிங்களச் சொல். அவள் தமிழை வாசிப்பாள், பிள்ளை மறுபக்கம் திரும்பி நின்று சிங்களத்தில் சொல்வாள், அவள் சரி என்பாள். வலப்பக்கத்தில் கிடக்கும் அந்த உருண்டை உருண்டையான எழுத்துகள் அவளுக்கு எறும்புப் புற்று வாயில் தள்ளிவிட்ட மண்ணுருண்டைகள் மாதிரி, ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லை. பிள்ளை சொல்வது சரியா பிழையா என்று அவளுக்குத் தெரியாது. குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். சரியான சொல்லைப் பிள்ளை வேகமாகச் சொல்வாள், தெரியாததைக் கடைசியில் இழுப்பாள். இழுத்தால், திருப்பிச் சொல் பாப்பம் என்பாள் யோகமலர், தனக்கெல்லாம் தெரிந்த மாதிரி. தொடக்கத்தில் பிள்ளை அதை நம்பியது. பிறகு நம்பாமல் விட்டது, ஆனாலும் மறுபக்கம் திரும்பி நிற்பதை விடவில்லை. சில சொற்களுக்கு இருவரும் சிரித்திருக்கிறார்கள். மல்லி என்றால் தம்பியாம். அம்மாவுக்கு அம்மாதானாம், அக்காவுக்கு அக்காதானாம். அப்பாவுக்கு மட்டும் தாத்தா. அப்பாவைத் தாத்தா ஆக்கிப்போட்டினம் பார் என்று அன்றைக்கு யோகமலர்தான் சொன்னாள், பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. இப்போது நினைக்க, மனுசன் குகநேசன் தாத்தா வயதுக்கு எப்போதாவது வந்திருப்பாரா, வருவாரா என்று மனம் ஒரு தரம் தடுக்கி, வந்திருப்பாரா, வருவாரா, எது சரி என்று இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தது. அவருக்கு இப்போது நாற்பத்தைந்து. ஐப்பசியில் நாற்பத்தாறு. வயது போகிறது, அது மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது.

ஒரு சிங்களச் சொல்லும் தெரியாது என்பதும் முழு உண்மையில்லை. மூன்று சொல் தெரியும். அவற்றைக் கொப்பி பார்த்துப் படிக்கவில்லை, சண்டை முடிந்த கிழமை, சனத்தை ஆமி மறித்த அந்தப் பாலத்தடியில் படித்தாள். பிள்ளைக்கு அப்போது ஏழு மாதம். ஈரத் துணியில் சுற்றி மாரோடு கட்டியிருந்தாள், பிள்ளை அழுகிற சத்தம்கூட நின்றுபோய் மூச்சு மட்டும் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. சனம் பிதுங்கி நின்றது. துவக்கோடு நின்ற ஒருவன், மீசை சரியாக முளைக்காத பெடியன், குகநேசனைப் பார்த்து என்ன, என்ன என்றான். குகநேசன் ஒண்டுமில்லை என்றார். அவன் திரும்பவும் என்ன, என்ன என்றான், கையைக் காட்டி. ஒண்டுமில்லை ஐயா, பிள்ளைக்குச் சுகமில்லை, இவ என்ர மனுசி என்று அவர் தமிழில் பதில் சொல்லிக்கொண்டே நின்றார். பின்னால் நின்ற யாரோதான் சொன்னார்கள், அவன் ஒண்டும் கேக்கேல்லை அண்ணை, வரச்சொல்லுறான், என்ன எண்டால் வா எண்டு அர்த்தம். அது முதலாவது சொல். பிறகு யன்ன, போ. அவரைப் பார்த்துச் சொன்னது. பிறகு அவளைப் பார்த்து, இன்ன, மெஹே இன்ன. நில், இங்கேயே இரு. வா, போ, இரு. ஒரு மனிதரைக் கொண்டுபோக இந்த மூன்று சொல் போதும் என்று அவள் எத்தனையோ தரம் நினைத்திருக்கிறாள். மிளகாய்க் காம்பை ஒடிக்கும்போது நகக்கண்ணுக்குள் காரம் ஏறியது. ஒரு மணித்தியாலம் போனால் விரல்கள் பத்தும் நெருப்பாகிவிடும், இரவு தேங்காயெண்ணெய் பூசினாலும் ஆறாது. கையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோகக்கூடாது. காம்பு இந்தப் பக்கம், பழம் அந்தப் பக்கம், விதை கொட்டினால் சுளகில்.

முதல் ஐந்து வசனமும் சுகமாகப் போயின. பாடப் புத்தகத்தில் ஒரு மாதிரி இருந்தது, யாரோ ஒரு பிள்ளை தன் தகப்பனைப் பற்றி எழுதியது, அதைப் பார்த்துச் சொற்களை மாற்றினால் சரி. பிள்ளை எழுதி எழுதி வாசித்துக் காட்டினாள். மகே தாத்தாகே நம குகநேசன், என்ர அப்பாவின் பெயர் குகநேசன். தாத்தா உசயி, அப்பா உயரம். எவ்வளவு உயரம் அம்மா என்று கேட்டாள் பிள்ளை. பழைய வீட்டு வாசல் நிலையில் நெற்றி இடிக்கிற அளவு, கலியாணம் செய்து வந்த முதல் கிழமையில் நாலு தரம் இடித்து நாலாம் தரம் அவர் அந்த நிலையைக் கும்பிட்டதைச் சொன்னாள் யோகமலர். பிள்ளை சிரித்தது, ஆனால் எழுதவில்லை, அதற்குச் சொல் தெரியாது. தாத்தா களுயி, அப்பா கறுப்பு. தாத்தா ஹொந்தயி, அப்பா நல்லவர். தாத்தா அம்ப கன்ன ஆசயி, அப்பாவுக்கு மாம்பழம் சாப்பிட ஆசை. ஆசை எண்டது அவையளுக்கும் ஆசைதானோ என்று யோகமலர் கேட்டாள். ஓம் என்றது பிள்ளை. பெயர், உயரம், கறுப்பு, நல்லவர், ஆசை. கேட்கக் கேட்க யோகமலருக்கு உடம்பு இளகியது. இந்தப் பாசையிலும் வழி இருக்கிறது என்று பட்டது. அவளும் தமிழில் பன்னிரண்டு வருசமாக இப்படித்தான் கதைத்து வருகிறாள், யாரும் கவனித்ததில்லை. அவருக்குப் புளிக்குழம்பு பிடிக்கும். அவருக்குக் கோபம் வராது. அவருக்கு வெள்ளைச் சேட்டுத்தான் விருப்பம். இருக்கிறாரா இருந்தாரா என்று சொல்லாமலே ஒரு மனிதரைப் பற்றி நாள் முழுக்கக் கதைக்கலாம். சந்தையில் கதைக்கலாம், கோயிலில் கதைக்கலாம். பழகிவிட்டால் நாக்கு தானாகவே அந்த ஒற்றையடிப் பாதையைப் பிடித்துவிடும்.

ஆறாவது வசனத்தில் பிள்ளையின் பேனை நின்றது. புத்தகத்துப் பிள்ளையின் தகப்பன் கண்டியில் இருக்கிறாராம். மகே தாத்தா நுவர இன்னவா. தர்மிகா அந்த வரியில் விரலை வைத்தபடி தாயைப் பார்த்தாள்.

"அம்மா, இன்னவா எண்டால் இருக்கிறார். ஹிட்டியா எண்டால் இருந்தவர். எதை எழுதுறது?"

இன்ன. மெஹே இன்ன. அந்தச் சொல்லின் வால்தானா இது. நில் என்று அவளுக்குச் சொன்ன சொல்லும் இருக்கிறார் என்று அவருக்கு எழுதுகிற சொல்லும் ஒன்றுதானா. நீ இரு என்றார்களே, அவள் இருந்தாள், அந்த மணலில் வெய்யில் சாயும்வரை இருந்தாள், பிறகு முகாமில் இருந்தாள், முட்கம்பிக்குள் பதினொரு மாதம் இருந்தாள், இப்போது வீட்டுத்திட்டத்தில் தந்த இந்தச் சீற்றுக் கூரை வீட்டில் இருக்கிறாள். இருப்பதெல்லாம் அவள்தான். அவரைப் பற்றிக் கேட்டால்? காம்பு கிள்ளும் கை நிற்கவில்லை, வேகம் கூடியது. மற்ற வசனங்களை முதல் எழுது, இதைப் பிறகு பாப்பம் என்றாள். பிள்ளை எழுதவில்லை. ஒழுங்காத்தான் எழுதவேணும், நடுவிலை இடம் விட்டால் ரீச்சர் பிழை போடுவா என்றாள். அதோடு இந்த வசனத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது, இருக்கிறார் என்று எழுதினால் எங்கே என்று ஓர் ஊர்ப் பெயரும் எழுத வேண்டும். கண்டி மாதிரி ஓர் ஊர். பஸ் போகிற ஓர் ஊர்.

பாலத்தடியில் கத்திய அந்த ஒலிபெருக்கி இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திராது. மனம் எங்கே தொடங்கினாலும் அந்த ஒலிபெருக்கிக்கே வந்துவிடும், வந்து அதன் வாய்க்குள் மாட்டிக்கொள்ளும். முதலில் சிங்களத்தில் சொன்னார்கள். பிறகு தமிழில் சொன்னார்கள். இயக்கத்தோடு ஒரு நாள் வேலை செய்தவர்களும் வந்து பதியவும், விசாரித்து விட்டுவிடுவோம், பயப்பட வேண்டாம். தமிழ் அவ்வளவுதான். சிங்களம் நீளம். அன்றைக்கே அவள் அதைக் கவனித்தாள், இதைச் சொல்ல ஏன் அவ்வளவு நேரம் என்று, ஆனால் தாகம், பிள்ளையின் மூச்சு, வெய்யில், கவனித்தது கவனித்தபடி போய்விட்டது. அந்த மிச்சச் சிங்களத்தில் என்ன இருந்தது. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், அந்தப் பாசையே நீளமாக இருக்கலாம். பிள்ளையின் கொப்பியில் அவள் அதையும் பார்த்திருக்கிறாள். ஒரு தமிழ் வசனத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் சிங்கள வசனம் நீளமா கட்டையா என்று விரலால் அளந்து பார்த்திருக்கிறாள். பெரும்பாலும் ஒரே அளவு. குகநேசன் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர், துவக்குப் பிடித்தவர் இல்லை. சண்டையின் கடைசிக் காலத்தில் ஆறு கிழமை இயக்கத்தின் வாகனங்களைத் திருத்திக் கொடுத்தார், கூப்பிட்டார்கள், போகாமல் இருக்க முடியாது. நான் பதியத் தேவையில்லை மலர், சனத்தோட சனமாப் போவம் என்றார் அவர். அவள்தான் சொன்னாள். ஒளிச்சால்தானப்பா பிரச்சினை. போய்ப் பதிஞ்சுபோட்டு வாங்கோ, நான் இதிலை நிக்கிறன். அதைச் சொன்ன வாய் இதுதான். யன்ன என்று அந்தப் பெடியன் சொன்னது பிறகு. முதலில் போங்கோ என்று சொன்னது அவள், தமிழில், அவருக்கு நன்றாக விளங்கும் தமிழில். அவர் சரி என்று தலையாட்டி, பிள்ளையின் உச்சியில் மூக்கை வைத்து மணந்துவிட்டுப் போனார். பிள்ளை நாறியது, மூன்று நாள் கழுவாத பிள்ளை.

பிள்ளை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. நெற்றி அப்படியே அவருடையது. சிங்கள எழுத்துக் கூட்டப் பழகிய நாளிலிருந்து இவள் கண்ணில் படுவதையெல்லாம் வாசிக்கிறாள். பஸ் பெயர்ப் பலகை, சவுக்காரக் கடதாசி, மருந்துச் சிட்டை, கச்சேரி அலுவலக மதிலில் ஒட்டியிருக்கும் அறிவித்தல். மற்றத் தாய்மார் அதைப் பெருமையாகச் சொல்வார்கள், யோகமலர் பஸ்ஸில் பிள்ளை வாய்விட்டு வாசிக்கும்போது வெளியே எதையாவது காட்டிப் பேச்சை மாற்றுவாள். காரணம் றங்குப்பெட்டிக்குள் இருந்தது. பிறப்பத்தாட்சி, கலியாணப் பதிவு, அவருடைய அடையாள அட்டைப் பிரதி, எல்லாவற்றுக்கும் அடியில் பொலித்தீன் பையில் ஒரு தாள். பிள்ளைக்கு நாலு வயது நடந்தபோது அவளை ஓர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிங்களத்தில் வாசித்தார். பக்கத்தில் நின்ற பெண் தமிழில், உங்கட மனுசனைத் தேடுறதுக்கு ஒரு கையெழுத்து வேணுமாம் என்றாள். எல்லாம் சிங்களத்தில் கிடக்கே என்று யோகமலர் கேட்டாள். அது அப்பிடித்தான் அக்கா, விண்ணப்பப் போம் அப்பிடித்தான் வாறது. பின்னால் வரிசை நின்றது. கையெழுத்துப் போட்டாள், சி. யோகமலர் என்று வடிவாக, திகதியும் எழுதி. ஒரு பிரதியைக் கிழித்துத் தந்தார்கள். வெளியே வந்து வேம்புக்குக் கீழே நின்று அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேடுறதுக்கு. தேடுறதுக்கு ஏன் இரண்டு சாட்சிக் கையெழுத்து. ஒன்பது வருசம் அதை அவள் ஒருவரிடமும் காட்டவில்லை. காணாமல் போனவர்களைத் தா என்று கேட்டுக் கண்டி வீதியோரக் கொட்டிலில் தாய்மாரோடு படத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிற இடத்துக்குச் சட்டத்தரணிமார் வருவார்கள், சிங்களம் தெரிந்தவர்கள் வருவார்கள், கடிதமேதும் இருந்தால் தாங்கோ அம்மா என்று கேட்பார்கள். ஒண்டுமில்லை என்பாள். வாசிக்காத தாளில் அவர் எப்படியும் இருக்கலாம். வாசித்துவிட்டால் ஒரே ஒரு மாதிரித்தான் இருக்க முடியும். அதை இப்படிச் சொல்ல அவளுக்குத் தெரியாது, ஆனால் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவள் கை அந்தப் பையைச் சுற்றிக்கொண்டுதான் போகும், சூடான சட்டியைச் சுற்றிப் போகிற மாதிரி.

நீ என்ன நினைக்கிறாய் என்று கடைசியில் அவள் பிள்ளையையே கேட்டாள். கேட்டது ஒரு தந்திரம், பிள்ளை இருக்கிறார் என்று சொல்லும், சரி அப்ப அப்பிடி எழுது என்று சொல்லிவிடலாம். ஊருக்கு ஏதாவது போடலாம், கிளிநொச்சி என்றே போடலாம்.

"எனக்கென்னெண்டு தெரியும்," என்றாள் தர்மிகா. "உங்களுக்குத்தானே தெரியும். நீங்கள்தானே அதிலை கையெழுத்து வைச்சனீங்கள்."

எதிலை என்று யோகமலர் கேட்டாள், கேட்கும்போதே எதில் என்று தெரிந்தது.

"பெட்டிக்குள்ளை கிடக்கிறதிலை. போன வருசம் என்ர பிறப்பத்தாட்சி எடுக்கச் சொல்லேக்கை பாத்தனான். அப்ப கொஞ்சம்தான் வாசிக்கத் தெரியும். அப்பான்ர பெயர் இருந்தது. பிறகு மிய கிய எண்டு இருந்தது. கிய எண்டால் போன எண்டு தெரியும். மிய எண்டால் என்னெண்டு தெரியேல்லை. அப்பா எங்கையோ போனது எண்டுதான் நினைச்சன், மிய எண்டது ஊர்ப் பெயராக்கும் எண்டு நினைச்சன். பிறகு ரீச்சரிட்டைக் கேட்டனான். எங்கை கண்டனி எண்டு கேட்டா. ஒரு பத்திரிகையிலை எண்டு சொன்னன்."  பிறகு, வீட்டுவேலைச் சொல்லுக்குப் பொருள் சொல்கிற அதே குரலில், "ரெண்டும் சேந்தால் செத்துப்போன எண்டு அர்த்தமாம்," என்றாள்.

ஒரு காகம் கிணற்றுக் கட்டில் இருந்து கத்தியது. யோகமலர் ஒரு மிளகாயை எடுத்தாள், காம்பைக் கிள்ளினாள், காம்பைப் பழங்களுக்குள் போட்டுவிட்டுப் பழத்தைக் காம்புகளுக்குள் போட்டாள். அது தெரிந்தது, திருத்தவில்லை. செத்துப்போன. தேடுறதுக்கு. அந்தப் பெண் பொய் சொன்னாளா, அவளுக்கும் சிங்களம் சரியாகத் தெரியாதா, அவளைப் பிடித்துக் கேட்க முடியுமா, முகமே நினைவில்லை, ஒரு பச்சைச் சேலை மட்டும். கொட்டிலில் உட்கார்ந்து, என்ர மனுசன் உயிரோட இருக்கிறார், அவரைத் தாங்கோ என்று கத்திய தொண்டை இது. செத்துப்போனார் என்று எழுதிக் கொடுத்த கை இது. எங்கேயோ ஓர் அலுமாரியில் அந்தத் தாளின் மற்றப் பிரதி இருக்கும், அவளுடைய வடிவான கையெழுத்தோடு. அந்த அலுமாரியைப் பொறுத்தவரை அவர் ஒன்பது வருசத்துக்கு முதலே முடிந்துபோனார், முடித்து வைத்தது மனுசி. முதலில் போங்கோ என்று சொன்னாள், பிறகு போயிட்டார் என்று எழுதிக் கொடுத்தாள். கண்ணுக்குள் நீர் குத்தியது. கை உயர்ந்தது, மிளகாய்க் கை, பாதியில் நின்றது. நீர் வழிந்து மேலுதட்டுக்கு வந்துவிட்டது. பிள்ளை எழும்பி வந்து தன் பாவாடைக் கரையைப் பிடித்து அவளுடைய முகத்தைத் துடைத்தாள், ஒரு கன்னம், மற்றக் கன்னம், குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி. துடைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் இருந்தாள்.

ஏன் எனக்குச் சொல்லேல்லை என்று யோகமலர் கேட்டாள். குரல் கோபம் மாதிரி வந்தது. பிள்ளை அதற்குச் சொன்ன பதில்தான் பிறகு எத்தனையோ நாள் மிளகாய் கிள்ளும்போதும் மா இடிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் யோகமலரின் காதுக்குள் நின்றது.

"உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நான் நினைச்சனான். தெரிஞ்சுதானே கையெழுத்து வைப்பினம். எனக்குக் கவலையா இருக்கும் எண்டு நீங்கள் மறைக்கிறியள் எண்டு நினைச்சன். அதுதான் நானும் தெரியாத மாதிரி இருந்தனான்."

ஒரு வருசம். கொட்டிலுக்குச் சனிக்கிழமைகளில் கூட வருவாளே. தாய்க்குக் கை உளையும்போது படத்தை வாங்கிப் பிடிப்பாளே, வீதியால் போகிற வாகனங்களுக்கு நேரே, வெய்யிலில், வாயைத் திறக்காமல். வெட்கத்தில் கத்தாமல் இருக்கிறாள், வயது வந்த பிள்ளை என்று யோகமலர் நினைத்திருந்தாள். அம்மா ஒரு செத்த மனிதரைத் தா தா என்று கேட்கிறா, கேட்டுக்கொண்டு போகட்டும், என்னத்துக்கு நான் குழப்புவான் என்று இந்த நெற்றிக்குள் ஓடியிருக்கிறது. திவசம் கொடுக்கப்படாத தகப்பனை நினைத்துச் சாமி அறைக்குள் போய்த் தனியாக நின்றிருக்குமோ. புரட்டாதியில் ஒரு நாள் சோறு வேண்டாம் என்றதே, வயிற்றுக்குத்து என்றதே. யோகமலர் அந்த ஒரு வருசத்தைக் கிழமை கிழமையாகத் திருப்பிப் பார்த்தாள், எல்லா இடத்திலும் பிள்ளை ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது, சொல் கேட்கும்போது நிற்கிற மாதிரி. எனக்குத் தெரியாதடி, வாசிக்கத் தெரியாமல் போட்டனான், தேடுறதுக்கு எண்டு சொன்னவை என்று சொல்ல வேண்டும். சொன்னாள். சொல்லி முடித்தபோது அது ஒரு சாட்டு மாதிரித்தான் அவளுக்கே கேட்டது. பிள்ளை ஓம் என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. இப்ப ரெண்டு மூண்டு மாசமா எனக்கும் அப்பிடித்தான் தோன்றினது, சொல்லு கேக்கேக்கை நீங்கள் பிழையான சொல்லுக்கும் சரி எண்டு சொல்லுறியள் என்றாள்.

வெய்யில் விறாந்தையை விட்டு இறங்கிவிட்டது. மிளகாய் இன்னும் அரைச் சாக்கு. இவளாவது இதிலிருந்து வெளியே போகட்டும் என்ற எண்ணம் யோகமலருக்கு வந்தது, எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. பன்னிரண்டு வருசம் நாக்கை நடத்திக் கூட்டிவந்த ஒற்றையடிப் பாதை இந்தப் பாயோடு முடிந்துவிட்ட மாதிரி இருந்தது. எழுதட்டும். எழுதிவிட்டு, நாளைக்கு வகுப்பில் எழும்பி நின்று வாசித்துவிட்டு, மற்றப் பாடத்துக்குப் போகட்டும். அலுமாரியில் எழுதிக் கிடக்கிறது, பிள்ளையின் கொப்பியில் எழுதினால் என்ன. 

"ஹிட்டியா எண்டு எழுது," என்றாள்.

தமிழில் இருந்தவர் என்று அவளால் இதுவரை சொல்ல முடிந்ததில்லை. சிங்களத்தில் வந்துவிட்டது. தெரியாத பாசையில் கையெழுத்தும் போடலாம், இதுவும் சொல்லலாம். அந்தச் சொல் வாய்க்குள் எந்த இடத்திலும் படாமல் வெளியே போனது. தர்மிகா அவளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள். ஒரு சொல் எழுத எடுக்கும் நேரத்தைவிடக் கூட எடுத்தது. எழுதி முடித்துப் பேனையை மூடினாள். தொடக்கத்திலிருந்து ஒருக்கா வாசி என்றாள் யோகமலர், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். பிள்ளை நிமிர்ந்து, நாளைக்கு வகுப்பில் நிற்பது மாதிரி தோளை இறுக்கிக்கொண்டு வாசித்தாள். பெயர், உயரம், கறுப்பு, நல்லவர், மாம்பழம். மகே தாத்தா கொஹே ஹரி இன்னவா.

கடைசிச் சொல் யோகமலருக்குத் தெரிந்த சொல். காது பிழைத்துவிட்டதோ என்று திருப்பி வாசிக்கச் சொன்னாள். பிள்ளை திருப்பி வாசித்தாள், வேகமாக, இழுக்காமல்.

"நடுவிலை வந்தது என்ன ஊர்?"

"ஊரில்லை. கொஹே எண்டால் எங்கை. கொஹே ஹரி எண்டால் எங்கையாவது. அப்பா எங்கையாவது இருக்கிறார்." கொப்பியைப் பார்த்தபடி சொன்னாள். "ஊர்ப் பெயர் போடேல்லை எண்டு ரீச்சர் ஒரு புள்ளி குறைப்பா. பரவாயில்லை. பேனையாலை எழுதிப்போட்டன்."

யோகமலருக்கு நெஞ்சு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. அந்த எங்கையாவதுக்குள் இத்தனை வருசம் அவள் தனியாகத்தான் இருந்தாள். அங்கே கதவும் இல்லை, விளக்கும் இல்லை, பதினாறாம் நாளும் வராது, ஆண்டுத் திவசமும் வராது. பிள்ளையை வெளியே அனுப்ப இன்றைக்குத்தான் அவள் வாயைத் திறந்தாள். பிள்ளை என்னவென்றால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பக்கத்தில் இருந்துவிட்டது, எல்லாம் வாசித்துத் தெரிந்த பிறகு, தெரிந்துகொண்டே. பதின்மூன்று வயதில் வந்து இருந்தால் எந்த வயதில் எழும்பிப் போகும். அழி என்று சொல்லலாம், தாளைக் கிழி என்று சொல்லலாம், கொப்பியைப் பறித்து அடுப்பில் போடலாம். அவள் ஒரு மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளி, காம்பை இந்தப் பக்கமும் பழத்தை அந்தப் பக்கமும் போட்டாள்.

தர்மிகா புத்தகத்தில் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தியிருந்தாள். ஏழாவது, அப்பா செய்கிற வேலை. எட்டாவது, அப்பா எத்தனை மணிக்கு எழும்புகிறார். ஒன்பதாவது, என்ன நிறச் சேட்டுப் போடுகிறார். பத்தாவது, பின்னேரம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறார்.

"அப்பா என்ன வேலை செய்யிறார் அம்மா?" என்று கேட்டாள்.

"பம்பு திருத்துறார்," என்றாள் யோகமலர். "தண்ணிப் பம்பு. எழுது."